இருபத்திமூணாம் நம்பர் போராங்

அந்த வார்த்தையைப் போட்டது நான்தான். அதை முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் யாரும் ஃபாஹிமாவைக் குத்தம் சொல்ல வேணாம்.

ஃபாஹிமா, தெங்கேராவுல துணிக்கடை வச்சிருக்கிற அப்துல் வஹீது பாயோட கடைசிப் பொண்ணு. படிச்சு டாக்டராயிட்டா. ஊசி போடுற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி பண்ற டாக்டர். மனுஷனுக்கு மனசுல எவ்வளவு நம்பிக்கை இருக்குன்னு அளக்கறதுக்கு வெளிநாட்டுல ஒரு கேள்வித்தாள் பண்ணியிருக்காங்களாம். பத்தே பத்துக் கேள்வி. மலாய்ல வந்திருச்சு, சீனத்துல வந்திருச்சு, தமிழ்ல மட்டும் இல்ல. அதைத் தமிழ்ல எழுதி, நம்ம ஜனங்ககிட்ட கேட்டு, அது ஒழுங்கா அளக்குதான்னு சோதிச்சுப் பாக்கணும். அதுக்குத்தான் என்னைப் புடிச்சா. நான் முப்பது வருஷம் ஒரு கிளினிக்குல மருந்து எடுத்துக் கொடுத்தவ. இப்ப புக்கிட் பெருவாங்குல வீட்டுல உக்காந்து டிவியோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். "பிரிஜிட் ஆண்ட்டி, நீங்கதான் சரி. உங்ககிட்ட எல்லாரும் பேசுவாங்க"ன்னா. எல்லாரும் எங்கிட்ட பேசறதுக்குக் காரணம், நான் விட மாட்டேன். அது வேற கதை.

தமிழ்ல எழுதறப்பதான் சண்டை வந்துச்சு. அவ 'எதிர்பார்ப்பு'ன்னு போடலாம்னா. எதிர்பார்ப்புன்னா தீபாவளி போனஸ் வருமான்னு பாத்துக்கிட்டு இருக்கிறது லா, அதையா அளக்கப் போறன்னு கேட்டேன். எனக்குச் சின்ன வயசுல ஞானோபதேசத்துல சொல்லிக் கொடுத்திருக்காங்க. விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம். மூணும் மூணு. கடவுளை ஏத்துக்கிறது விசுவாசம். நாளைக்கு நல்லது நடக்கும்னு இருக்கிறது நம்பிக்கை. இதுல என்ன சந்தேகம்னு மேசையைத் தட்டினேன். பாவம், அவ ஒத்துக்கிட்டா. பத்துக் கேள்வியிலயும் 'நம்பிக்கை'ன்னே போட்டோம்.

எங்க மாதா கோயிலை விட்டு வெளிய வந்தா விசுவாசம்ங்கிறது நாய்க்கு மட்டும்தான்னு எனக்குத் தோணவே இல்ல. மத்த தமிழ் ஜனங்களுக்கு நம்பிக்கைன்னா அது இன்னொருத்தர் மேல வைக்கிறது. ஆள் இல்லாம நம்பிக்கை கிடையாது. இது தெரியாம ஐம்பத்தேழு வருஷம் தமிழ் பேசியிருக்கேன் பாருங்க.

ஃபாஹிமா விதி நாலு எழுதிக் கொடுத்தா. பதினெட்டு வயசுக்கு மேல, மலேசியக் குடிமக்களா மட்டும் இருக்கணும். பேரோ ஐசி நம்பரோ, அதான் அடையாள அட்டை நம்பர், தாள்ல எழுதக் கூடாது, வரிசை நம்பர் மட்டும் போடணும். கேள்வி புரியலன்னா விளக்கம் சொல்லக் கூடாது, அதையே மறுபடி வாசிக்கணும். ரெண்டு வாரம் கழிச்சு அதே ஆளுகிட்ட போயி அதே கேள்வியைக் கேக்கணும். ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தா கேள்வித்தாள் நல்ல தாள். மூணாவது விதிதான் எனக்குத் தொண்டையில சிக்கினது. பேசாம இருன்னு எங்கிட்ட சொல்றதும் சாப்பிடாம இருன்னு சொல்றதும் ஒன்னு.

அலோர் காஜாவுக்கு உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனேன். பேர் வேணாம். பாதி லயத்து வீடு காலி, மீதியில வங்காளதேசத்துப் பையன்க. நம்ம ஆளுங்க ஒரு பதினஞ்சு குடும்பம் இருந்தா அதிகம். அன்னிக்கு முதல்ல ஏழு பேர்கிட்ட கேட்டேன். ஒரு கேள்விக்கு அதிகபட்சம் நாலு மார்க், பத்துக் கேள்விக்கு நாப்பது. ஏழு பேர்ல ஒருத்தர்கூட பத்தைத் தாண்டல. 'கொஞ்சமும் இல்லை', 'கொஞ்சமும் இல்லை'ன்னு வட்டம் போட்டுப் போட்டு எனக்கே வாழ்க்கை வெறுத்துப் போச்சு. கடைசியாத்தான் தோட்டத்து கேட் பக்கத்துல ஜாகா வேலை, காவல் வேலை பாக்குற பெரியதம்பி அண்ணன்கிட்ட போனேன். மத்த இடத்துல கேட்டதையும் சேத்து அவர்தான் இருபத்திமூணாம் நம்பர்.

வயசு அறுபத்தெட்டு. காக்கிச் சட்டை தோள்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு, உள்ள உடம்பு கொஞ்சம்தான். என் கையில இருந்த தாளைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டாரு.

"மிஸி, இது போராங்தானே?"ன்னு கேட்டாரு. கிளினிக் ஆளுன்னு யாரோ சொல்லியிருப்பாங்க போல, அங்க எல்லாரும் என்னை மிஸின்னுதான் கூப்பிட்டாங்க. நாம இங்க எந்த ஆபீஸ்ல எந்தத் தாளை நிரப்பினாலும் அது போராங்தான். அதனால "ஆமாண்ணே, போராங்தான்"னேன்.

வயசு, படிப்பு எல்லாம் கேட்டுட்டு, "மலேசியர்தானே அண்ணே?"ன்னேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேட்டேன். மீதிக் காசைக் கொடுத்துட்டு சரியான்னு கேக்குற மாதிரி கேக்குற கேள்வி அது.

அவரு என் முகத்தைப் பாத்தாரு.

"இந்தத் தோட்டத்துலதான் மிஸி பொறந்தேன். அந்தா, அஞ்சாம் லயம். இப்ப கூரை இல்ல."

நான் டிக் போட்டேன். அவரு பேனாவையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அங்க என்ன மிஸி எழுதியிருக்கு?"

"மலேசியக் குடிமகன்."

"போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு லா அண்ணே. அடுத்தது கேக்கட்டுமா?"

அவரு சட்டையோட மேல் பொத்தானைப் போட்டுக்கிட்டு நிமிந்து உக்காந்தாரு. வெயில்ல எதுக்கு இந்த மனுஷன் கழுத்து வரைக்கும் பொத்தான் போடுறாருன்னு நினைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன்.

முதல் கேள்வியை வாசிச்சேன். "இனி வரும் நாட்களைப் பற்றி எனக்கு நம்பிக்கை இருக்கிறது."

"யார் மேல?"

மறுபடி வாசிச்சேன்.

"அரசாங்கத்து மேலயா மிஸி?"

வாய் வரைக்கும் வந்துருச்சு. யார் மேலயும் இல்லண்ணே, சும்மா உங்க மனசுலன்னு சொல்லியிருக்கலாம். மூணாவது விதி. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லுங்கண்ணே"ன்னேன்.

அவரு கொஞ்ச நேரம் தாளையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. "புரிஞ்சிருச்சு மிஸி. முழுக்க முழுக்க."

பத்துக் கேள்விக்கும் அதேதான். கஷ்டம் வந்தால் ஒரு வழி பிறக்கும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. முழுக்க முழுக்க. நான் விரும்பியது ஒரு நாள் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. முழுக்க முழுக்க. நாப்பதுக்கு நாப்பது. இவ்வளவு நம்பிக்கை எனக்கே கிடையாது, பூசை தவறாமப் போறவ நான். ஒருத்தராவது இப்படி இருக்காரேன்னு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு.

கேள்விக்குப் பதில் சொன்னவங்களுக்கு ஒரு துண்டு கொடுக்கணும். ஃபாஹிமா அவங்க அப்பா கடையிலேயே வாங்கி வச்சிருந்தா. நீட்டினேன். அவரு கையைப் பின்னால இழுத்துக்கிட்டாரு.

"வேணாம் மிஸி. இந்த நேரத்துல வாங்கினா தப்பாப் போயிரும்."

ரோஷக்காரர்னு நினைச்சேன். துண்டைப் பையில வச்சுக்கிட்டு, ரெண்டு வாரத்துல மறுபடி வருவேன், இதே கேள்விதான்னு சொன்னேன்.

"தமிழ்லயேதானே?"ன்னு கேட்டாரு.

"தமிழ்லயேதான் அண்ணே."

ரெண்டாவது தடவை போறப்ப அவரு கேட் பக்கத்துல இல்ல. வேற ஒரு ஆளு நின்னுக்கிட்டு, "உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு, கோயில் பக்கத்துல"ன்னான். போனா, கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில ஒரு மேசை போட்டு, அதுமேல பூப்போட்ட துணி விரிச்சு, எனக்கு ஒரு நாற்காலி வச்சிருந்தாரு. லீவு போட்டுட்டாராம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான், முகத்துல புது சவரம். நான் உக்காரக்கூட இல்ல, ஒரு டம்ளர்ல பார்லி தண்ணி வந்துருச்சு.

கேள்வியை வாசிக்க ஆரம்பிச்சேன். நான் பாதி வாசிக்கறதுக்குள்ளயே அவரு பதில் சொல்லிட்டாரு. மனப்பாடம். பத்தும் முழுக்க முழுக்க. நாப்பது. ஃபாஹிமாவுக்குத் தலைகால் புரியாதுன்னு நினைச்சுக்கிட்டேன். ரெண்டாவது தடவைக்குன்னு கடைசியில ஒரு கேள்வி கூடுதலா உண்டு. கடந்த ரெண்டு வாரத்துல உங்க வாழ்க்கையில முக்கியமான மாற்றம் ஏதாவது ஏற்பட்டதா?

"ஏற்பட்டுச்சு மிஸி. நீங்க வந்தீங்க."

சிரிச்சேன். அவரு சிரிக்கல. மேசைக்கு அடியில இருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துப் பிரிச்சாரு. மேலேயே அவரோட ஐசி இருந்துச்சு. சிவப்பு ஐசி.

நீல ஐசின்னா குடிமகன். சிவப்புன்னா, இங்க இருந்துக்கோ, ஆனா நீ எங்க ஆளு இல்லன்னு அர்த்தம். அந்தச் சிவப்பைப் பாத்ததும் பேனாவை மூடி வச்சேன்.

அப்பா பொறப்பைப் பதியலையாம். பிரசவம் பாத்த மருத்துவச்சியும் செத்துப் போயிட்டாங்களாம். தோட்டத்துப் பழைய புத்தகம் எந்த வெள்ளத்துலயோ போயிருச்சாம். நாலு தடவை போராங் கொடுத்திருக்காரு. நாலு தடவையும் ரெண்டு வரியில கடுதாசி. அதையும் மடிப்புக் கலையாம வச்சிருந்தாரு. நாலாவது தடவை நேர்ல கூப்பிட்டு மலாய்த் தாள் ஒன்னைக் கொடுத்து வாசின்னாங்களாம்.

"பாசார்ல, கடைத்தெருவுல பேசுற மலாய் எனக்கு நல்லா வரும் மிஸி. எழுத்துதான் சூசா, கஷ்டம். பள்ளிக்கூடம் போனதே ரெண்டு வருஷம். நின்னேன், வேர்த்துச்சு, வந்துட்டேன். அது ஒன்பது வருஷமாச்சு. என் சம்சாரம் போறப்பகூட, 'விட்டுறாதீங்க, நீல ஐசி வாங்கிட்டுத்தான் எங்கிட்ட வரணும்'னா. இப்ப பாருங்க, தமிழ் தெரிஞ்ச ஆளையே அனுப்பிட்டாங்க. அரசாங்கத்து மேல நம்பிக்கை இருக்கான்னுதான் கேக்குறாங்க. இல்லன்னா சொல்லுவேன்? அதோட, இத்தனை வருஷத்துல அந்தக் கட்டத்துல எனக்கு யாருமே டிக் போட்டதில்ல மிஸி. நீங்கதான் போட்டீங்க. எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

எல்லாருக்கும் சொன்னதோட பலன் கொட்டகைக்கு வெளியவே நின்னுக்கிட்டு இருந்துச்சு. அடுத்த லயத்து வீரமுத்துவும் ஒரு வயசான அம்மாவும். ரெண்டு பேர் கையிலயும் ஃபைல்.

"எங்களையும் எழுதிக்குங்க மிஸி," வீரமுத்து சொன்னாரு. "நாங்களும் முழுக்க முழுக்கன்னே சொல்லிடறோம்."

உண்மையைச் சொல்லாம எந்திரிச்சுப் போயிரலாமான்னு யோசிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு தாளும் ஒத்துப் போகுது. இவரும் சந்தோஷமா இருக்காரு. யாருக்கு என்ன நஷ்டம்? ஆனா நான் போன மறுநாள்ல இருந்து இந்த மனுஷன் தபால்காரனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. வருஷக் கணக்கா உக்காந்திருப்பாரு. மாதாவேன்னு மனசுல சொல்லிக்கிட்டு வாயைத் திறந்தேன்.

"அண்ணே, நான் அரசாங்கத்து ஆளு இல்ல. இது அந்தப் போராங் இல்ல."

நான் சொல்லிக்கிட்டே போனேன். இது படிப்புக்காகக் கேக்குறது, காலேஜ்ல ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்றா, இதுக்கும் ஐசிக்கும் சம்பந்தம் இல்ல, நான் உங்க ஐசியைப் பாக்காமத்தான் டிக் போட்டேன், என் தப்புதான், என்னை மன்னிச்சிருங்க. பார்லி தண்ணியை எடுத்துக் குடிக்கவும் கை வரல.

வயசான அம்மாவுக்கு விளங்கல. "அப்ப கார்டு எப்ப வரும்?"னு வீரமுத்துகிட்ட கேட்டாங்க. அவரு அந்த அம்மா கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. பெரியதம்பி அண்ணன் ஃபைலை மூடி, ரப்பர் பேண்டைப் போட்டாரு. ஒரு தடவை நழுவிருச்சு. மறுபடி போட்டாரு.

"அப்ப இது எதுக்கு மிஸி?"

"மனசுல எவ்வளவு நம்பிக்கை இருக்குன்னு அளக்கறதுக்கு அண்ணே."

"அளந்து?"

"எழுதி வைப்பாங்க. புத்தகத்துல வரும்."

அவரு தலையை ஆட்டினாரு. கோபப்பட்டு என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். என்னைத் திட்டினா நான் திருப்பித் திட்டத் தெரிஞ்சவ. இப்படி உக்காந்திருக்கிற ஆளை என்ன பண்றது?

"அப்ப நான் சொன்னதெல்லாம் தப்பு மிஸி. நான் வேற எதுக்கோ சொன்னேன். இன்னொரு தாள் இருக்கா?"

இருந்துச்சு. எடுத்தேன். இந்தத் தடவை அவரு மேல் பொத்தானைக் கழட்டிட்டு நாற்காலியில சாஞ்சுக்கிட்டாரு.

"இனி வரும் நாட்களைப் பற்றி எனக்கு நம்பிக்கை இருக்கிறது."

யார் மேலன்னு கேக்கல. "கொஞ்சமும் இல்ல."

"கஷ்டம் வந்தால் ஒரு வழி பிறக்கும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு."

"இல்ல."

"நான் விரும்பியது ஒரு நாள் கிடைக்கும்…"

"அதை விடுங்க மிஸி. இல்லன்னு போட்டுக்குங்க."

ஏழாவது கேள்வி, கஷ்டத்தில் எனக்குக் கைகொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை. அதுக்கு மட்டும் வீரமுத்து போன பாதையைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "பாதிக்குப் பாதி"ன்னாரு. அதுக்கு ரெண்டு மார்க். மத்ததெல்லாம் முட்டை. கூட்டிப் பாத்தேன், நாப்பதுக்கு ரெண்டு. பத்துக் கேள்வியும் அன்னிக்குத்தான் ஒழுங்கா வேலை செஞ்சுச்சு. ஒரு உண்மையான பதிலை வாங்கறதுக்கு அந்த மனுஷன்கிட்ட இருந்ததையெல்லாம் பிடுங்க வேண்டியிருந்துச்சு.

தாள்களை அடுக்கறப்ப அவரு விரலை நீட்டி, அடியில இருந்த பழைய தாளைத் தொட்டாரு. முதல் நாள் தாள்.

"அந்த டிக்கை அடிச்சிருவீங்களா?"

"குடிமக்களுக்கு மட்டும்தான் அண்ணே இது. விதி. தப்புன்னு தெரிஞ்சா அடிக்கணும். அடிச்சா உங்க தாள் எதுவும் செல்லாது."

"அடிக்காதீங்க மிஸி." "வேற ஒன்னும் கேக்கல. எங்கயாவது ஒரு காகிதத்துலயாவது அப்படி இருந்துட்டுப் போகட்டும்."

நான் சரின்னு சொன்னேனா, சொல்லலையான்னு எனக்கு ஞாபகம் இல்ல. எந்திரிச்சு நடந்தேன். பின்னாலயே வந்தாரு.

"மிஸி, அந்தத் துண்டு இருக்கா? இப்ப வாங்கிக்கலாம்ல."

பையில இருந்து எடுத்துக் கொடுத்தேன். தோள்ல போட்டுக்கிட்டு, நான் பஸ் ஏறுற வரைக்கும் கூடவே நின்னாரு. நான் ஜன்னல் பக்கம் உக்காரல.

அடுத்த திங்கக்கிழமை ஃபாஹிமா ரூம்ல தாளையெல்லாம் கொடுத்தேன். ரெண்டாவது தடவைத் தாள்ல எதைக் கொடுக்கிறதுன்னு ராத்திரி பகலா யோசிச்சாச்சு. உண்மையான தாளைக் கொடுத்தா என்ன ஆச்சுன்னு கேப்பா. சொல்லணும். சொன்னா அவ நல்ல பொண்ணுதான், கண் கலங்குவா. கலங்கிக்கிட்டே அந்த டிக்கை அடிச்சுட்டு மூணு தாளையும் கிழிப்பா. விதின்னா விதி. அதனால நாப்பது போட்ட தாளைக் கொடுத்தேன். ரெண்டு போட்டது என் பைபிளுக்குள்ள இருக்கு. நான் பண்ணினது ஆராய்ச்சிக்குத் துரோகம்னு எனக்குத் தெரியும். சாமியார்கிட்ட இன்னும் சொல்லல.

ஃபாஹிமா கம்ப்யூட்டர்ல நம்பரைத் தட்டிக்கிட்டே வந்தா. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. முகம் மலர்ந்துச்சு.

"ஆண்ட்டி, ரெண்டு தடவையும் ரொம்ப நல்லா ஒத்துப் போகுது. உங்க வார்த்தைதான் சரி. எதிர்பார்ப்புன்னு போட்டிருந்தா இப்படி வந்திருக்காது."

நான் சும்மா இருக்கறதைப் பாத்து அவளே ஒரு நிமிஷம் திரும்பிப் பாத்தா.

"இந்த இருபத்திமூணைப் பாருங்களேன். நாப்பது, மறுபடியும் நாப்பது. மொத்த லிஸ்ட்லயும் இவருக்குத்தான் அதிகம். அந்தத் தோட்டத்துலயா இப்படி ஒருத்தர்?" டிக் போட்ட முதல் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்துல பாத்தா. "நல்லவேளை. சரியா விசாரிச்சீங்கல்ல ஆண்ட்டி? மலேசியர்தானே?"

"மலேசியர்தான்"னேன்.